கொடுத்த இரத்தத்துக்கு என்ன பதில் வந்தது? ஆசிய மருத்துவ ஆய்வுகளும் மொரிசியஸ் தமிழரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரோஸ் ஹில்லில் ஞாயிறு பூசை முடிந்து பந்திக்கு இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டிவிடுவார். ஏதோ ஓர் ஆய்வுக்கு அழைத்திருப்பார்கள். தாள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். போகலாமா, வேண்டாமா என்று கேட்பார்கள். சிலர் சென்னையிலிருந்து உறவினர் அனுப்பிய செய்தியைக் காட்டி, இது நமக்கும் பொருந்துமா என்பார்கள். பலருக்கும் வாயால் சொன்ன பதில்களைத் தமிழில் எழுதித் தரும்படி நம் தமிழாசிரியர்கள் சிலர் கேட்டார்கள். எழுதியிருக்கிறேன்.

ஆய்வுக்குப் போனால் வைத்தியம் பார்ப்பார்களா?

பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். மருத்துவரிடம் போவது உங்கள் நோய்க்காக. ஆய்வுக்குப் போவது யாரோ ஒருவர் எழுப்பிய கேள்விக்காக. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை உங்களுக்கு உதவலாம், உங்கள் பேரனுக்கு உதவலாம், யாருக்குமே உதவாமலும் போகலாம்.

ஆய்வுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் எடை, இடுப்பளவு, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்வார்கள்; வேறெதுவும் செய்யமாட்டார்கள். மற்றதில் மருந்தோ உணவோ உடற்பயிற்சியோ கொடுத்து என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். தாள் கைக்கு வந்ததும் இது எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். முதல் வகைக்கு ஊசி வலியும் ஒரு காலைப்பொழுதும்தான் செலவு. இரண்டாம் வகைக்கு அவசரப்படாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆசியாவில் நடக்கும் ஆய்வு நமக்கு எதற்கு?

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்கள் உண்டு. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் அவர்களைவிடப் பலர். மொழி தேய்ந்தது, பெயர்களின் எழுத்துக்கூட்டல் மாறியது. ஆனால் உடலின் வாகு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

2004ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்களின் படம் அடுத்தடுத்து வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம் இருந்தது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் இனத்து உடலின் இயல்பு. இதைப் புனேயில் பிறந்த குழந்தைகளிடமே யாஜ்னிக்கின் குழு கண்டது. இப்படிப்பட்ட ஆய்வுகள் சேர்ந்துதான் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவை அதே 2004இல் பேசவைத்தன. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 23ஐத் தொட்டதுமே கவனம் வேண்டும், 27.5ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்றது அந்தக் குழு. ஐரோப்பியருக்கு 25, 30 என்று வைத்திருந்த கோடுகளை அப்படியே நம்மேல் போட்டால் நம்மில் பலர் நலமாக இருப்பதாகத்தான் தெரியும். “என் எடை சரியாகத்தான் இருக்கிறது” என்று பழைய அட்டவணையைக் காட்டும் ஆண்களிடம் நான் அளவு நாடாவை எடுத்து நீட்டுவேன். தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மதுரையில் ஆய்வு செய்தவர்களுக்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு. இந்த மாற்றம் இருப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது; நடுவயது வரை அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆனாலும் சென்னைக்காரரின் விடையை அப்படியே நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. நம் காலை உணவு வேறு. தால் பூரியும் வெள்ளை ரொட்டியும் வெண்ணெயும் ரம்மும் அவர்கள் ஆய்வில் இல்லை. அதனால்தான் இந்தத் தீவிலேயே ஆய்வு தேவைப்பட்டது.

இந்தத் தீவில் அப்படி என்ன ஆய்வு நடந்தது?

1987இல் நடந்தது. நம் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து 25 முதல் 74 வயது வரையுள்ள 5,080 பேரை அளந்தார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பார்கள். 1992இல் இதே கணக்கெடுப்பு மீண்டும் நடந்தபோது ஊசி போட்ட கைகளில் என்னுடையதும் ஒன்று. வேலைக்குப் போகவேண்டிய பெண்கள் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்ததை நான் மறக்கவில்லை. குளுக்கோஸ் நீர் குமட்டும். முகம் சுளித்துக்கொண்டே குடித்தார்கள்.

1987இன் முடிவு எல்லோரையும் உலுக்கியது. சர்க்கரை நோய் இந்து இந்தியரில் 12.4 சதவீதம், முஸ்லிம் இந்தியரில் 13.3, கிரியோல் மக்களில் 10.4, சீனரில் 11.5. இந்தியருக்கு மட்டும்தான் இந்த நோய் என்ற நினைப்பு அத்துடன் உடைந்தது. ஒரே தீவில் வாழும் நான்கு இனத்தாரிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வேர்கள் வேறுவேறாக இருந்தும் வாழ்க்கை ஒன்றாகிவிட்டதே இதற்குக் காரணம் என்று சந்தேகிக்க இடம் கிடைத்தது. உலகத்தின் பல நாடுகள் நம் தீவைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். பின்னாளில் ஆசிய மக்களின் சர்க்கரை நோய்த் தரவுகளை ஒன்றாகத் திரட்டிய ‘டெகோடா’ கூட்டாய்வில் நம் தீவின் இந்திய வம்சாவளியினரின் கணக்கும் சேர்ந்தது. ஆசிய ஆய்வு என்று நீங்கள் எங்கோ படிக்கும் வரிக்குள் உங்கள் பாட்டியின் இரத்தத் துளி இருக்கக்கூடும்.

அந்த ஆய்வால் நமக்கு என்ன கிடைத்தது? அல்லது அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதும் இதற்காகத்தான்.

கிடைத்தது எண்ணெய். அக்காலத்தில் அரசு விலையில் விற்ற ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். ஏழை வீடுகளில் எல்லாம் அதுதான் கடாயில் ஊற்றப்படும். 1987இல் அரசு அதை முழுவதும் சோயா எண்ணெயாக மாற்றியது. யாரும் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தவில்லை. கடைக்காரரும் அதே இடத்தில், நம் அம்மாக்களும் அதே கடாயில் கத்தோ பிமா என்னும் மிளகாய் வடையைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அளந்தபோது மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. ஒரு நாட்டு மக்கள்தொகை முழுவதிலும் இவ்வளவு விரைவில் இவ்வளவு இறக்கம் காண்பது மிக அரிது. அந்த இறக்கத்தில் ஏறத்தாழ பாதியை எண்ணெய் மாற்றத்தால் விளக்க முடிகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மீதிக்கு வேறு காரணங்கள் இருக்கவேண்டும் என்று நேர்மையாகவே எழுதினார்கள்.

வேறு மாற்றங்களும் அந்த ஐந்து ஆண்டுகளில் வந்தன. புகைபிடிக்கும் ஆண்கள் 58 சதவீதத்திலிருந்து 47.2 ஆகக் குறைந்தார்கள். மிதமிஞ்சிக் குடிக்கும் ஆண்கள் 38.2 சதவீதத்திலிருந்து 14.4 ஆனார்கள். உயர் இரத்த அழுத்தமும் சற்றே தணிந்தது. பெஞ்சில் காத்திருந்த அந்தப் பெண்கள் கொடுத்த இரத்தத்துக்குப் பதில் வந்தது என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்.

பிறகு ஏன் வீட்டுக்கொரு சர்க்கரை நோயாளி?

கொழுப்பு குறைந்த அதே ஐந்து ஆண்டுகளில் உடல் எடை கூடியது. கரும்புக் காட்டிலிருந்து தையல் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனோம். நடை போய் பஸ் வந்தது, பஸ் போய் கார் வந்தது. எண்ணெயை அரசு மாற்றலாம், நம் கால்களை அரசால் நடக்கவைக்க முடியவில்லை. இன்று இத்தீவில் வயது வந்தவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். 1998, 2004, 2009, 2015, 2021 என்று கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்ததால்தான் இதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அளக்காத நாடுகளில் இது கால் எடுக்கும் அறையில்தான் தெரியவருகிறது.

சர்க்கரையின் வாசலில் நிற்கிறேன் என்று மருத்துவர் சொல்கிறார். வராமல் தடுக்க முடியும் என்பதை யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

நிரூபித்திருக்கிறார்கள், அதுவும் முதலில் ஆசியாவில்.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் 33 மருத்துவ நிலையங்களில் தொடங்கியது அந்த ஆய்வு. உங்களைப் போல் வாசலில் நின்ற 577 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகளில், எதுவும் புதிதாகச் சொல்லாமல் விட்டவர்களில் 67.7 சதவீதத்தினர் நோயாளி ஆனார்கள். உணவைத் திருத்தியவர்களில் 43.8, உடற்பயிற்சி செய்தவர்களில் 41.1, இரண்டும் செய்தவர்களில் 46 சதவீதம். 30 ஆண்டுகள் கழித்தும் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். திருந்தி வாழ்ந்தவர்களுக்கு நோய் தள்ளிப்போயிருந்தது, இதய நோயால் இறப்பதும் குறைந்திருந்தது.

நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. 531 பேர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39.3, சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. மாத்திரை செய்ததை நடையும் செய்தது. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் வரவில்லை. அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறு: பலன் கண்டவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை. “ஒரு மாதம் நடந்தேன் அக்கா, ஒரு கிலோகூட குறையவில்லை, விட்டுவிட்டேன்” என்று சொல்லும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். தராசு நகராவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது. விடாதீர்கள்.

எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்கள் என்கிறீர்களே, அது பாவமில்லையா?

என் அண்ணியும் இதைத்தான் கோபமாகக் கேட்டார். ஆய்வு தொடங்கும்போது எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும். அப்போதுதான் அப்படிப் பிரிக்கலாம். பிரிப்பதும் குலுக்கல் முறையில் நடக்கவேண்டும். மருத்துவர் தமக்குப் பிடித்தவர்களை ஒரு பக்கம் வைத்தால் முடிவு பொய்யாகிவிடும். ஒப்பீட்டுக்கென நிற்பவர்களுக்கும் வழக்கமான மருத்துவம் கிடைத்தாக வேண்டும். ஏற்கெனவே நல்ல மருந்து உள்ள நோய்க்கு அதைத் தராமல் வெற்று மாத்திரை மட்டும் கொடுத்து வேடிக்கை பார்ப்பது பாவம்தான். 1964இல் உலக மருத்துவர் சங்கம் எல்சிங்கியில் வெளியிட்டு, 2024 வரை பலமுறை திருத்திய அறிக்கை இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. வெற்று மாத்திரை தருவார்களா, தந்தால் என் பழைய மருந்தை நிறுத்தச் சொல்வார்களா? இவ்விரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

சென்னை இதழில் சர்க்கரை 126 என்று போட்டிருக்கிறது. என் தாளில் 7.0 என்று இருக்கிறது. எனக்குக் குறைவுதானே?

இல்லை! இரண்டும் ஒன்றே. இந்தியாவில் மில்லிகிராமில் எழுதுவார்கள், நாம் மில்லிமோலில் எழுதுகிறோம். நம் சர்க்கரை எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். வெறும் வயிற்றில் 7.0, அவர்களுக்கு 126. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 11.1, அவர்களுக்கு 200. இந்த இரண்டும் நோயென்று சொல்லும் எல்லைக்கோடுகள். கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புக்கு மட்டும் 38.7ஆல் பெருக்கவேண்டும். இந்தக் குழப்பத்தால் ஓராண்டு மருந்தில்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நம் உடலுக்கு மாத்திரையின் அளவும் மாறுமா?

சில மருந்துகளுக்கு மாறும். கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையைச் சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோருக்கு ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. இந்தியரின் இரத்தத்தில் மருந்தின் அளவு வெள்ளையரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது, சீனரிடம் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கும்படி அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே அச்சிட்டார்கள். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் இன்னும் கடுமையான கதை. அதை விழுங்கிய சிலருக்குத் தோல் வெந்ததுபோல் உரியும். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தார்கள்; அத்தனை பேரிடமும் ஒரே மரபணு அடையாளம் இருந்தது. இன்று அந்த மருந்தைத் தொடங்குமுன் பல ஆசிய நாடுகளில் அந்த அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆய்வு தோற்றுப்போனால் அத்தனை பேரின் உழைப்பும் வீண்தானே?

செங்கல்பட்டைச் சொல்கிறேன். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கிறதா என்று அறிய 1968இல் அங்கே இலட்சக்கணக்கானவர்களை வைத்துப் பெரிய சோதனை தொடங்கியது. காக்கவில்லை என்பதே விடை. எத்தனை பேருக்கு ஏமாற்றம்! ஆனால் அந்த விடை வந்ததால்தான் பெரியவர்களைக் காப்பாற்ற இந்த ஊசியை நம்பியிருக்கக் கூடாது என்பது உலகுக்குத் தெரிந்தது. பச்சிளங்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோய்க்கு அது நல்ல காப்பு என்பதால் நம் குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறார்கள்.

அதற்கு முன்பே, 1956இல், சென்னையில் இன்னொரு கேள்வி கேட்டார்கள். காசநோயாளியை மலைக்காற்றும் பாலும் முட்டையும் உள்ள சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகுமா? 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான சின்ன வீடுகளிலேயே, அரைவயிற்று உணவோடு, மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உடன் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னை ஏழைகளும் ஒரு முக்கியக் காரணம். என் தாய்மாமனுக்குக் காசநோய் வந்தபோது அவர் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டுத் தேறினார். அந்த 193 பேரை நினைத்துக்கொள்ளாமல் என்னால் அவரை நினைக்க முடிவதில்லை.

நம் தீவுகளிலிருந்து ஆசியாவுக்குப் போன விடை ஏதாவது உண்டா?

சிக்குன்குனியா. 2005, 2006இல் பக்கத்துத் தீவான ரீயூனியனில் மூன்றில் ஒருவர் படுத்தார்கள். நம் தீவிலும் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ரீயூனியன் நோயாளிகளின் இரத்தத்தில் இருந்த வைரசின் வெளிப்புரதத்தில் 226ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள். புலிக்கொசு என்று நாம் சொல்லும் வரிக்கொசுவுக்குள் வைரஸ் எளிதாகப் பெருக அந்த மாற்றம் உதவுகிறது என்று பிறகு தெரிந்தது. 2007இல் கேரளத்தில் நோய் பரவியபோது அதே மாற்றத்தை அங்கும் பார்த்தார்கள். எதைத் தேடவேண்டும் என்பதை ரீயூனியன் முன்பே சொல்லியிருந்தது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் என்ன பார்க்கவேண்டும்?

என் அம்மாவின் கதையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 1990களின் நடுவில் ஒரு தனியார் இடத்தில் அம்மாவை இரத்தம் கொடுக்க அழைத்தார்கள். இலவசம் என்றார்கள். நான் அன்று இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர். பிரெஞ்சு பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான்கு பக்கப் படிவத்தின் கடைசியில் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தமிழில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். தமக்கு வைத்தியம் நடக்கிறது என்றே நினைத்தார். முடிவு வரும் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. நான் எழுதிக் கேட்டபோது ஆய்வு முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. சில ஆண்டுகள் கழித்து அம்மாவின் கண் மங்கியபோதுதான் சர்க்கரை நெடுநாளாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் குழாயில் அது அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: என் முடிவை எனக்குத் தருவீர்களா? எப்போது, யார் வாயிலாக, எந்த மொழியில்? ஆபத்தான எண் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே சொல்வீர்களா? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகுதான் மற்றவை. எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். மருந்துச் சோதனையென்றால் நம் நாட்டின் 2011ஆம் ஆண்டு மருத்துவச் சோதனைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள், இரவில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் கையெழுத்தும் கூடாது. பிரெஞ்சு புரியாவிட்டால் கிரியோலில் விளக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், விளக்குவது அவர்கள் கடமை.

வேறொருவர் உங்களுக்காகக் கையெழுத்திடுவதையும் அனுமதிக்காதீர்கள். 2009இல் இந்தியாவில், ஆந்திரத்திலும் குசராத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்று நடந்தது. ஆந்திரத்தில் பல சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தது வெளிவந்தது. 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். என் பேத்திக்கும் போட்டிருக்கிறோம். கையெழுத்தில் செய்த பிழை ஊசியின் பெயரையே பல கிராமங்களில் கெடுத்துவிட்டது.

பாதியில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது. மருந்துச் சோதனையென்றால் திடீரென்று மாத்திரையை நிறுத்தாமல் சொல்லிவிட்டு விலகுங்கள்.

பணம் தருவார்களா?

போக்குவரத்துச் செலவும் இழந்த நாள் கூலியும் தருவது முறை. பெரிய தொகையை ஆசை காட்டினால் ஆபத்தும் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

என் டிஎன்ஏ எங்கே போகும்? காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமா?

நல்ல ஆய்வில் குழாயின்மேல் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு இருக்கும். பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் தனியே பூட்டப்பட்டிருக்கும். குழாய் பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் பறக்கும். எந்த நாடு, எத்தனை ஆண்டு, வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்துவார்களா என்பவை படிவத்தில் இருக்கவேண்டும். பல படிவங்களில் “எதிர்கால ஆய்வுகளுக்கும்” என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதைத் தனியே ஏற்கலாம், மறுக்கலாம். உடல்நலத் தகவலுக்கும் மரபணுத் தகவலுக்கும் நம் 2017ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறப்புக் காப்பு தருகிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கும் உரிமையும் உண்டு. நம் சிறு தீவில் எனக்குள்ள கவலை வேறொன்று. ஊர், வயது, சாதிப் பெயர் மூன்றும் சேர்ந்தால் பெயரே இல்லாமலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதை எப்படி மறைப்பீர்கள் என்று கேளுங்கள்.

கொடுப்பதே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2019இல் ‘ஜீனோம் ஏசியா’ என்ற கூட்டுமுயற்சி 64 நாடுகளின் 219 இனக்குழுக்களிலிருந்து 1,739 பேரின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டது. உலகத்தின் மரபணுக் களஞ்சியங்களில் ஐரோப்பியரே நிறைந்திருக்க ஆசியர் மிகக் குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். களஞ்சியத்தில் இல்லாதவர்களுக்கு மருத்துவர் குருட்டாம்போக்கில்தான் மருந்து எழுதுவார்.

குழந்தையை ஆய்வுக்கு அனுப்பலாமா?

வாக்வாவிலும் காத்ர் போர்னிலும் உள்ள ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேளுங்கள். சிலர் 1972 முதல் அந்தப் புகழ்பெற்ற ஆய்வில் இருந்தவர்களாக இருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரை எடுத்து வளர வளரக் கவனித்தார்கள். அவர்களில் 100 பேரை நல்ல உணவும் விளையாட்டும் பாடமும் உள்ள மழலையர் பள்ளியில் வைத்தார்கள். இளைஞர்களானபோது அவர்களிடம் முரட்டுத்தனமும் குற்றச்செயலும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. மூன்று வயதுத் தட்டில் விழும் மீன் துண்டும், ஓடியாட ஒரு முற்றமும் இருபது ஆண்டுகள் கழித்துப் பேசுகின்றன.

அனுப்பலாம். பெற்றோர் கையெழுத்துடன், விவரம் தெரிந்த குழந்தையென்றால் அதன் சம்மதமும் வேண்டும். குழந்தை அழுது மறுத்தால் அன்று வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சாப்பிடுகிறேன். அதைச் சொல்லவேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் புட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பாகற்காயும் வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. சோதனை மருந்தோடு சேர்ந்தால் மயங்கி விழ நேரிடும். திட்டுவார்கள் என்று மறைத்தால் உங்களுக்கும் ஆபத்து, ஆய்வின் கணக்கும் பிழையாகும்.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறேன். அந்த வாரமே இரத்தம் கொடுக்க அழைக்கிறார்கள். போகட்டுமா?

தேதியை மாற்றச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். விரத நாட்களில் உணவு மாறியிருப்பதால் உங்கள் எண் வழக்கமான எண்ணாக இராது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் விரதம் தொடங்குமுன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். புதுத் தேதி கிடைத்ததும் முந்தின இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். காலையில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், பால் இல்லாத தேநீரும் கூடாது. இரண்டாவது முறை இரத்தம் எடுத்ததும் சாப்பிட, பையில் இரண்டு ரொட்டித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.